கோரல் மில்லில் ஒன்பது நாள்

முத்துக்கரையின் கதை – 17

தூத்துக்குடிக்காரர்களுக்குச் சங்கு இரண்டு வகை. ஒன்று கடலடி மணலில் கிடப்பது. மூச்சை அடக்கிக் குளித்து எடுத்துவந்து கரையில் குவிப்பார்கள். அது வங்காளம்வரை பயணம்போய் அங்கே கல்யாணப் பெண்களின் கையில் வளையலாகும். மற்றொன்று மில்லில் ஊதுவது. முதல் சங்குக்குக் கடல் மனம்வைக்க வேண்டும், காற்றும் நீரோட்டமும் ஒத்துவர வேண்டும். இரண்டாவது சங்குக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. மழையோ வெயிலோ, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ, அது ஊதினால் ஓட வேண்டும்.

முதல் சங்கின் உலகத்தை இதுவரை பதினாறு அத்தியாயங்களில் பார்த்தோம். குளிகல்லைக் காலில் கட்டி இறங்கும் பரதவ இளைஞர்களையும், சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கூலி வாங்கிய கடல்கட்டிகளையும், தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப்பார்களையும் பார்த்தோம். அதில் ஒரு விஷயத்தை இங்கே மறுபடி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. முத்துக்குளிப்பு சர்க்காரின் ஏகபோகமாக இருந்த காலத்திலும் குளிகாரனுக்குக் கூலி கிடையாது, பங்குதான். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவனுடையது. அதில் முத்து இருந்தால் அவன் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் அவன் விதி. ஆனால் தன் உழைப்பில் தனக்கொரு பங்குண்டு என்ற எண்ணம் இந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன ஒன்று.

அந்தக் கரையில்தான் 1888 வாக்கில் கோரல் மில் எழுந்தது. கோரல் என்றால் பவளம். முத்துக்கும் பவளப்பாறைக்கும் பேர்போன கடலோரம் என்பதால் அந்தப் பெயர். கட்டியவர்கள் ஹார்வி சகோதரர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி ஒரு நூற்பாலை தொடங்கியிருந்தார்கள். மதுரையில் 1892இல் இன்னொன்று வந்தது. ஊரில் யாரும் கம்பெனிப் பெயரை முழுதாகச் சொல்வதில்லை. எல்லாம் ஹார்வி மில்தான்.

இந்தக் கரிசல் காட்டுப் பருத்திக்கு லிவர்பூல் சந்தையில் தனிப்பெயரே உண்டு, 'தின்னவெல்லி' என்பார்கள். பஞ்சுப்பொதி வெளியே போவதற்கு ரயிலும் துறைமுகமும் இருந்தன. இனிப் பஞ்சாக அனுப்பாமல் நூலாக்கி அனுப்பினால் என்ன என்று யோசித்தவர்களுக்கு, மழை பொய்த்த கரிசல் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத தலைமுறை அது. கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போவது ஒரு வழி. மில்லுக்குப் போவது இன்னொரு வழி.

மில்லுக்குப் போனவர்களில் குழந்தைகளும் உண்டு. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒன்பது வயது நிறைந்தால் ஆலைக்குள் போகலாம். பதினான்கு வயதுவரை நாளுக்கு ஏழு மணி நேரம் வேலை வாங்கலாம். பெண்களுக்குப் பதினொரு மணி நேர வரம்பு. வளர்ந்த ஆணுக்கோ வரம்பே கிடையாது. நூற்பாலையில் ஆண்கள் இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது 1911இல்தான், அதுவும் பன்னிரண்டு மணி நேரம். ஆகவே 1908இல் கோரல் மில் தொழிலாளி விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பிறகு வெளியே வந்தான் என்றால், அது சட்டத்தை மீறி நடந்ததல்ல, சட்டமே அப்படி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உறுதியில்லை. கூலி மட்டம். நோய்நொடி என்று படுத்தால் அன்றைய கூலி போயிற்று, மேஸ்திரிக்குக் கோபம் வந்தால் வேலையும் போயிற்று. தட்டிக்கேட்கச் சங்கம் இல்லை. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்க இன்னும் பத்து வருஷம் இருந்தது.

இப்போது சென்ற இதழில் விட்ட இடத்துக்கு வருவோம். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது, பத்து லட்ச ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்கு, பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர், ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்ததும், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொழும்புக் கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியதும் அங்கேயே சொன்னோம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் தூத்துக்குடி ஏஜெண்டு யார் என்பதுதான் இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய செய்தி. ஏ அண்ட் எஃப் ஹார்வி. கடலில் வ.உ.சி. யாரோடு மோதினாரோ, கரையில் கோரல் மில்லின் கதவுக்குப் பின்னாலும் அதே கைதான் இருந்தது.

வ.உ.சி.க்கு அப்போது 35 வயது. 1872 செப்டம்பர் 5இல் பிறந்தவர். சட்டம் தெரிந்தவர், பங்குதாரர் கூட்டத்தில் கணக்குச் சொல்லத் தெரிந்தவர். அவருக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தக் குரல் 1908 பிப்ரவரித் தொடக்கத்தில் ஊருக்குள் நடந்துவந்தது. வத்தலகுண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா. 1884 அக்டோபர் 4இல் பிறந்தவர், 23 வயது. கையில் சொத்தில்லை, பதவியில்லை. பேச்சு மட்டும் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

அந்த மாதம் தூத்துக்குடிக் கடற்கரையில் ஏறக்குறைய நாள்தோறும் கூட்டம். வ.உ.சி. பேசுவார், சிவா பேசுவார், பத்மநாப ஐயங்கார் பேசுவார். அந்தக் கூட்டங்களின் தனிச்சிறப்பு என்று நான் கருதுவது ஒன்றுண்டு. அதுவரை காங்கிரஸ் அரசியல் என்றால் ஆங்கிலம். மனு எழுதுவது ஆங்கிலம், மகாசபையில் பேசுவது ஆங்கிலம், பத்திரிகைத் தலையங்கம் ஆங்கிலம். கோரல் மில்லில் பஞ்சுத்தூசி படிந்த முகத்தோடு வெளியே வருகிறவனுக்கு அதில் ஒரு வார்த்தையும் ஆகாது. சிவா அவனுக்குத் தமிழில் சொன்னார். உன் ஊரில் விளைந்த பஞ்சு எங்கே போகிறது, உன் கையால் திரித்த நூல் யாருக்குப் பணமாகிறது, உனக்கு ஏன் ஒரு நாள் ஓய்வில்லை என்று வீட்டில் பேசுகிற மொழியில் விளக்கினார். நாட்டு விடுதலை என்ற பெரிய சொல் அவனுடைய வயிற்றோடும் முதுகு வலியோடும் சேர்ந்த ஒரு விஷயமாக மாறியது அப்போதுதான். பின்னால் இவர்கள்மீது தொடுத்த ராஜத்துரோக வழக்கில் அரசாங்கம் சாட்சியமாக வைத்ததும் இந்தப் பேச்சுகளைத்தான். துப்பாக்கி எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. பேச்சைக் காட்டினார்கள்.

பிப்ரவரி 23ஆம் தேதிக் கூட்டத்தில் வ.உ.சி. நேராகவே மில் தொழிலாளிகளின் பாட்டைப் பேசினார். நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 27 வியாழக்கிழமை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வேலைக்குப் போகவில்லை.

கேட்டது அதிகமில்லை. கூலியை உயர்த்த வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். மற்ற நாட்களிலும் தேவைக்கு லீவு கிடைக்க வேண்டும். இதை இன்று படிக்கிறவருக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு பத்திரிகை விரிக்கிற நமக்கு அந்த ஞாயிறு யாரோ பட்டினி கிடந்து வாங்கித் தந்தது என்பது சட்டென்று உறைப்பதில்லை.

வேலைநிறுத்தம் தொடங்குவது ஒரு நாள் வேலை, நிலைத்து நிற்பதுதான் பெரிய பாடு. சேமிப்பு என்று எதுவும் இல்லாத வீடுகள். அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் நான்கு நாள் கூலி நின்றால் ஐந்தாம் நாள் அடுப்பு நின்றுவிடும். முதலாளிகள் எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் ஊர் வேறு மாதிரி நடந்துகொண்டது. வ.உ.சி. பணம் திரட்டினார். வக்கீல்களும் வியாபாரிகளும் கொடுத்தார்கள். வேலையிழந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் வேறு வேலைக்கும் வழி தேடப்பட்டது. அரசாங்கம் வெளியூரிலிருந்து போலீசைக் கொண்டுவந்து நிறுத்தியது. துணைக் கலெக்டராக இருந்த ராபர்ட் ஆஷ் கெடுபிடியை ஏற்றினார். வ.உ.சி. தொழிலாளிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது கலவரத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பதைத்தான், அவர்களும் கொடுக்கவில்லை.

ஊரின் பக்கபலம் பணத்தோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பியர்களுக்குச் சாமான் விற்க மறுத்தார்கள். வண்டி ஓட்ட மறுத்தார்கள். தூத்துக்குடியில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற ஒரு சம்பவம் அந்த நாட்களில்தான் நடந்தது. சுதேசிகளுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் சவரம் செய்துகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அவர் எந்தக் கட்சி என்பது தெரிந்துவிட்டது. பாதி முகம் மழித்த நிலையில் கத்தியை மடக்கி வைத்துவிட்டு எழுந்துவிட்டார் நாவிதர். மீதி முகத்துக்கு வேறு ஆளும் கிடைக்கவில்லை. சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடாத சம்பவம் இது. அன்றைய ஊர் அடுக்கில் அந்த நாவிதர் எங்கே வைக்கப்பட்டிருந்தார், வக்கீல் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கத்தியை மடக்க எத்தனை நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும். அவர் பெயரும் நமக்குத் தெரியாது.

மார்ச் 6ஆம் தேதி நிர்வாகம் இறங்கிவந்தது. தொழிலாளிகளின் பிரதிநிதிகளோடு பேசினார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு ஓய்வு ஆகியவற்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பினார்கள். மொத்தம் ஒன்பது நாள். கல்கத்தாவில் அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை சிதம்பரம் பிள்ளையைத் தலைப்பிலேயே பெயர் சொல்லி வாழ்த்திக் கட்டுரை எழுதியது. சங்கம் இல்லாமல், தொழிற்சங்கச் சட்டம் இல்லாமல், எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் சாம்ராஜ்யத்தின் பெரிய வணிகக் குடும்பம் ஒன்றோடு நேருக்குநேர் நின்று வென்றார்கள் என்பது தூரத்து வங்காளத்துக்கும் தெரிந்திருந்தது.

வெற்றி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதை ஒட்டி மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யையும் சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். கடைகள் மூடின. நகராட்சி அலுவலகமும் தபால் அலுவலகமும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

அதே நாட்களில் கோரல் மில் தொழிலாளிகள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்த இரண்டாவது நிறுத்தத்தைத்தான் நான் முதலாவதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். முதல் தடவை அவர்கள் கேட்டது தங்களுக்காக. அது கிடைத்துவிட்டது. இப்போது கையில் வந்த கூலி உயர்வையும் ஞாயிறையும் பணயம் வைத்து, சிறைக்குப் போன தலைவர்களுக்காக வெளியே வந்தார்கள். பலனாக எதுவும் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். திலகருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளிகள் ஆறு நாள் நடத்திய வேலைநிறுத்தத்தை இந்திய வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாம் பேசும். அது 1908 ஜூலையில் நடந்தது. தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தியது.

ராஜத்துரோக வழக்கில் ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, நாடுகடத்தல். சிவாவுக்குப் பத்தாண்டு. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தார். சிவாவைத் தொழுநோய் பற்றியது. இருவரும் 1912இல் வெளியே வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே கப்பல் கம்பெனி கலைந்துபோயிருந்தது. ஆஷ் கலெக்டராகி, 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் இருபத்தைந்து வயது வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்திருந்தார். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வருகிறது. அதை இந்த வேலைநிறுத்தத்தோடு ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கோரல் மில் வாசலில் நின்றவர்கள் யார்மீதும் கைவைக்காமலே வென்றவர்கள்.

இனிக் கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதே 1908இல் அதே மொழி பேசுகிற இளைஞர்கள் இன்னொரு கண்டத்தில் இதே போன்ற ஒரு வேலையில் இறங்கியிருந்தார்கள்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அவர்களுடைய பிள்ளைகளும், பின்னால் வியாபாரத்துக்கும் வேலைக்கும் போனவர்களின் பிள்ளைகளும் ஆப்பிரிக்க மண்ணில் வளர்ந்து ஆளானார்கள். டிரான்ஸ்வால் அரசு அவர்களைப் பத்து விரல் ரேகையும் பதியச் சொன்னது. மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1908 ஆகஸ்ட் 16இல் ஜோகானஸ்பர்க் மசூதி வளாகத்தில் ஆயிரக்கணக்கான பதிவுச் சீட்டுகளைப் பெரிய கொப்பரையில் போட்டு எரித்தார்கள். காந்தி அந்தப் போராட்டத்தின் தலைவர். சிறைக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களில் தமிழர்களே மிகுதி என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படிப் போனவர்களில் ஒருவரான தம்பி நாயுடுவின் பெயரை அவர் சொல்லாத இடமில்லை.

அவர்களில் ஒருவன் சாமி நாகப்பன், பதினெட்டு வயது. 1909 ஜூனில் சிறைக்குப் போனான். குளிர்காலம். தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலைதான் நடுக்குளிர். விடிகாலையில் சாலை வேலைக்கு இழுத்துப் போனார்கள். நிமோனியாவோடு வெளியே வந்தவன் ஜூலை 6ஆம் தேதி இறந்தான். மறு ஆண்டு நாராயணசாமி. இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது கரையிறங்க விடாமல் துறைமுகம் துறைமுகமாக அலைக்கழித்தார்கள். டெலகோவா விரிகுடாவில் உயிர் போயிற்று.

1913இல் அது தொழிலாளர் போராட்டமாக மாறியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது நேட்டாலில் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டிருந்தார்கள். அதை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் யார்? டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசிலுக்கு வந்த பதினொரு பெண்கள், அவர்களில் தமிழ்ப் பெண்களே பெரும்பாலானோர், கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. சுரங்க வாசலில் நின்று தமிழில் பேசினார்கள். சுரங்கம் நின்றது. நவம்பர் 6ஆம் தேதி காந்தியோடு 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் எல்லை நோக்கி நடந்தார்கள். பிறகு கரும்புத் தோட்டங்களும் நின்றன. ஐந்து ஆண்டுக்கு முன் தூத்துக்குடிக் கடற்கரையில் நடந்ததை அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்களோ இல்லையோ, வழி ஒன்றாகவே இருந்தது. உழைக்கிறவனிடம் அவன் மொழியில் பேசு. வேலையை நிறுத்து. அடிக்குக் கையோங்காதே.

அந்தப் போராட்டத்தில் தாயோடு சிறை சென்றவள் வள்ளியம்மை. ஜோகானஸ்பர்க்கில் பிறந்தவள். தாயின் ஊரான தில்லையாடியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். பதினாறு வயது. அந்த ஆண்டே மூன்று பவுண்டு வரி நீக்கப்பட்டது.

வள்ளியம்மையை நாம் தில்லையாடியின் மகளாகக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அவள் ஆப்பிரிக்காவில் பிறந்து ஆப்பிரிக்காவில் வாழ்ந்து ஆப்பிரிக்க மண்ணுக்குள் போனவள். ஆப்பிரிக்காவின் இளைஞர்கள் தங்கள் கண்டத்தை எப்படி மாற்றினார்கள் என்று எழுதும் வரலாற்றில் அவளுக்கும் நாகப்பனுக்கும் இடமுண்டு. அந்த வரிசை நீண்டது. 1976 ஜூன் 16இல் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்து குண்டடிபட்டார்கள். 1965 மொழிப் போராட்டத்தைப் பார்த்த தமிழர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் கோபத்தை விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கென்யாவில் ரொட்டி முதல் பல பொருள்களுக்கும் வரி போடும் நிதி மசோதா வந்தபோது, நைரோபி இளைஞர்கள் அந்த மசோதாவை வரி வரியாகப் பிரித்து, சொந்த மொழிகளில் பேசிப் படமெடுத்து, கைப்பேசி வழியே ஊரெங்கும் பரப்பினார்கள். உயிர்களைப் பலிகொடுத்த பிறகு, ஜூன் 26இல் அந்த மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அதிபர் ரூட்டோ அறிவித்தார். ஒரு கண்டத்தின் மக்களில் சரிபாதிப் பேர் இருபது வயதுக்கும் கீழே இருக்கிறார்கள் என்றால், அங்கே நடக்கிற எந்த நல்ல மாற்றமும் அவர்கள் கை படாமல் நடக்க வழியில்லை. 23 வயது சுப்பிரமணிய சிவா கடற்கரை மணலில் நின்று செய்ததற்கும் கைப்பேசியில் அந்தப் பிள்ளைகள் செய்ததற்கும் நடுவே நூற்றுப்பதினாறு வருஷம். சட்டமும் கணக்கும் படித்தவனுக்கு மட்டும் என்றிருந்த பூட்டை உடைத்து, எளியவன் வாயில் புழங்கும் மொழியில் எடுத்துக் கொடுத்ததுதான் இரண்டிலும் நடந்த காரியம்.

தென்னாப்பிரிக்காவும் தூத்துக்குடியும் இன்னொரு வகையிலும் கைகோத்தன. சிறையிலிருந்து வந்த வ.உ.சி.க்கு வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிபோயிருந்தது. வரவேற்கக் கூட்டம் இல்லை, கப்பல் இல்லை, கையில் காசில்லை. சென்னையில் சில்லறை வியாபாரம் பார்த்து நொடித்தார். அந்த நாட்களில் அவருடைய குடும்பத்துக்குக் கைகொடுத்தவர்களில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் முதன்மையானவர்கள். 1915இல் காந்திக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே சொல்கிறார். அங்குள்ள தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய ஒரு தொகை காந்தியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பணம் கொடுத்தவர் பெயர்களும் கணக்கும் காந்திக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. சென்னைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே மாதக்கணக்கில் கடிதங்கள் போய்வந்தன. அந்தக் கடிதங்களில் வ.உ.சி.யின் மானமும் தெரியும், வறுமையும் தெரியும். பணம் உமக்குத் தேவையா என்ற கேள்விக்கு, என் நிலையில் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் பதில் எழுதினார். கடைசியில் 1916 ஜனவரியில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது.

அந்தப் பணத்தில் சுரங்கக் கூலிகளின் காசு இருந்திருக்கலாம், சலவைக்காரர்களின் காசு இருந்திருக்கலாம், காய்கறிக் கூடை சுமந்தவர்களின் காசு இருந்திருக்கலாம். ஊரைவிட்டுப் போய் அரைநூற்றாண்டு ஆன ஒரு சமூகம், தான் பார்த்தேயிராத ஒரு கப்பல்காரருக்காகத் தன் மடியை அவிழ்த்திருக்கிறது. தமிழர்கள் எழுத வேண்டிய கதைகளில் இதைவிட நெஞ்சைத் தொடுவது எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

வ.உ.சி. பிறகு தூத்துக்குடிக்கே திரும்பி 1936 நவம்பர் 18இல் அங்கேயே கண் மூடினார். சிவா 1925இல் பாப்பாரப்பட்டியில் போய்ச்சேர்ந்தார். துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் 2011இல் வந்தது. சிவாவுக்குப் பாப்பாரப்பட்டியில் நினைவிடம் இருக்கிறது. ஜோகானஸ்பர்க் பிராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டில் நாகப்பனுக்கும் வள்ளியம்மைக்கும் கல்லறை இருக்கிறது. 1914 ஜூலையில், தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படுமுன் காந்தி அங்கே போய் நினைவுக்கல்லைத் திறந்துவைத்தார். பதினெட்டு வயதுப் பையன் பெயரும் பதினாறு வயதுப் பெண் பெயரும் கல்லில் இருக்கின்றன.

கோரல் மில் தொழிலாளிகளின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? ஒன்பது நாள் பட்டினியைத் தாங்கியவர்களில் பையன்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? முதல் நாள் காலையில் மற்றவர்களைத் தடுத்து நிறுத்தி 'போகாதே' என்று சொன்னது யார்? தலைவர்களின் பேச்சை ரகசியப் போலீஸ் குறிப்பெடுத்து வைத்தது. அரசாங்க ஆவணங்களில் தொழிலாளி வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறான். 'மில் கூலிகள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் ஆவணம் சர்க்கார் அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கும் என்றில்லை. தூத்துக்குடியிலும், ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களிலும், பாபநாசம், மதுரைப் பக்கமும் ஹார்வி மில்லில் நான்கு தலைமுறை வேலைபார்த்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பூட்டன் மில்லுக்குப் போன கதையைப் பாட்டி சொல்லியிருந்தால், பழைய டோக்கனோ கூலிச் சீட்டோ தகரப்பெட்டியின் அடியில் கிடந்தால், ஒரு பெயர் மட்டும் ஞாபகம் இருந்தாலும் போதும், அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அருகிலுள்ள நூலகத்துக்கோ கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ ஒரு படி கொடுங்கள். இந்தத் தொடருக்கும் எழுதுங்கள். வருகிற பெயர்களை ஒவ்வொன்றாக இங்கே அச்சிடுவோம்.

(தொடரும்)